பேட்மேன் - ராபின் உறவைச் சந்தேகித்த டாக்டர்: யார் இந்த ஃப்ரெட்ரிக் வெர்தம்?

பேட்மேனும் ராபினும் வெறும் கூட்டாளிகள்தானா? ரசிகர்கள் இன்று ஜாலியாக விவாதிக்கும் இந்தக் கேள்வியை 1954-லேயே குற்றச்சாட்டாகக் கிளப்பியவர் ஒரு மனநல மருத்துவர்.

1895-ல் ஜெர்மனியில் பிறந்த ஃப்ரெட்ரிக் வெர்தம், நியூயார்க்கின் ஹார்லெமில் கறுப்பின ஏழைகளுக்கு 25 சென்ட் கட்டணத்தில் சிகிச்சை தந்தவர். நல்ல மனுஷன்தான். ஆனால், காமிக்ஸ் என்றாலே ஆகாது!

இருவரும் தன்பாலின ஜோடி போல வாழ்வதாகவும், அது சிறுவர்களைக் கெடுப்பதாகவும் புத்தகத்தில் எழுதினார். பயந்துபோன பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே சென்சார் விதிகள் போட்டுக்கொண்டார்கள். 1956-ல் பேட்மேனுக்கு ஜோடியாக பேட்வுமன் வந்தாள்.

இதில் செம ட்விஸ்ட், ரசிகர்கள் சொந்தமாக நடத்திய இதழ்களைப் பாராட்டி 1973-ல் புத்தகம் எழுதியவரும் இவரே. சிறுவர்கள் சொன்னதை அவர் திரித்து எழுதியிருந்தது, 1981-ல் அவர் இறந்து 30 ஆண்டுகளுக்குப் பிறகே அம்பலமானது.