நாற்பத்திரண்டு வயதில் ஆட்சிக்கு வந்த போபால் பேகம்

சென்ற மாதம் எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியையிடம் அதிபர் பதவிக்கு விண்ணப்பிக்கச் சொன்னேன். இருபது வருட சேவை, தகுதி எல்லாம் இருக்கிறது. நிர்வாகம் செய்து பழக்கமில்லை, இந்த வயதில் எதற்கு என்று மறுத்துவிட்டார். அவரைவிட சேவைக்காலம் குறைந்த இரண்டு ஆண்கள் தயக்கமில்லாமல் விண்ணப்பித்திருக்கிறார்கள். அன்றிரவு எனக்கு நினைவுக்கு வந்தவர் போபால் சுல்தான் ஜஹான் பேகம்.

மத்திய இந்தியாவின் போபால் சமஸ்தானத்தை 1819 முதல் 1926 வரை, இடையில் சில வருடங்கள் தவிர, முஸ்லிம் பெண்களே ஆண்டார்கள். குத்ஸியா பேகம், அவரது மகள் சிக்கந்தர், அவரது மகள் ஷாஜஹான், கடைசியாக 1858இல் பிறந்த சுல்தான் ஜஹான். அவரைச் சிறுவயதில் வளர்த்தவர் உம்மம்மாவான சிக்கந்தர் பேகம். குர்ஆன், பாரசீகம், ஆங்கிலம், கணக்கு, குதிரையேற்றம் என்று ஓர் இளவரசனுக்குப் போடும் நேரசூசியைப் பேத்திக்குப் போட்டார். சுல்தான் ஜஹானுக்குப் பத்து வயதானபோது அவர் வபாத்தானார்.

பிறகுதான் சோதனை. தாய் ஷாஜஹான் பேகம் மறுமணம் செய்த பின்னர் குடும்பத்தில் விரிசல் ஏற்பட்டது. தாயும் மகளும் பத்து வருடங்களுக்கு மேல் பேசிக்கொள்ளவில்லை. பட்டத்து வாரிசாக இருந்தும் ஆட்சிக் காரியங்களிலிருந்து அவர் ஒதுக்கியே வைக்கப்பட்டார். நம் ஆசிரியை சொல்கின்ற அந்த அனுபவம் அவருக்கும் இருக்கவில்லை.

1901இல் ஆட்சி கைக்கு வந்தபோது வயது 42. சமஸ்தானம் கடும் பஞ்சத்திலிருந்து இன்னும் எழவில்லை, கஜானாவில் பணமில்லை. சில மாதங்களில் கணவரும் வபாத்தானார். அவர் கிராமம் கிராமமாகப் போனார். நிலவரிக் கணக்குகளைத் தானே பார்த்தார். பெண் பிள்ளைகளை வெளியே அனுப்பப் பெற்றோர் தயங்கிய அக்காலத்தில், 1903இல் சுல்தானியா பெண்கள் பாடசாலையைத் தொடங்கினார். ஹஜ்ஜுக்கும் போய்வந்தார். 1911இல் இலண்டனில் நடந்த ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவில் புர்காவுடனேயே கலந்துகொண்டார். ஹிஜாப் அணிந்தால் பொறுப்புக்கு வர முடியாது என்போரும், பொறுப்புக்கு வந்தால் மார்க்கம் போய்விடும் என்போரும் இந்த ஒரு காட்சியை யோசித்துப் பார்க்கலாம்.

அவருக்கு அதிகாரம் பிறப்பால் வந்தது, பின்னால் பிரித்தானியரின் ஆதரவும் இருந்தது. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அதே பிறப்பும் அதே ஆதரவும் இருந்த எத்தனையோ நவாப்மார் வேட்டையிலும் விருந்திலும் காலம் கழித்தார்கள்.

1920இல் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம் உருவானபோது அதன் முதல் வேந்தர் அவர்தான். 1930இல் வபாத்தாகும் வரை அந்தப் பதவியில் இருந்தார். அதே பல்கலைக்கழகத்துக்கு ஒரு பெண் உபவேந்தராக வருவதற்கு 2024ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பது எனக்கு இன்னும் உறுத்தும் விடயம்.

1926இல் அவர் ஆட்சியை இளைய மகனிடம் ஒப்படைத்தார். அம்மகனின் மூத்த மகள் ஆபிதாவை, தன் உம்மம்மா தன்னை வளர்த்த அதே கண்டிப்போடு அவரே வளர்த்தெடுத்தார். ஆபிதா பிற்காலத்தில் விமானம் ஓட்டினார், பாகிஸ்தானின் தூதுவராக பிரேசிலுக்கும் போனார்.

இதையெல்லாம் தொலைபேசியில் அந்த ஆசிரியையிடம் சொன்னேன். யோசிக்கிறேன் என்றார். விண்ணப்ப முடிவுத் திகதிக்கு இன்னும் ஒன்பது நாட்கள் இருக்கின்றன.