படமாகாமல் போன ‘ஏலியன்’: சத்யஜித் ராய்



தண்ணீர் நிறைந்த வண்டியூர் தெப்பக்குளத்தையும் நடுவே நிற்கும் மைய மண்டபத்தையும் பார்த்திருப்பீர்கள். ஒருநாள் காலையில் உங்கள் ஊர்க் கண்மாயில் அப்படி ஒரு கோபுரம் தானாக முளைத்திருந்தால்? சாமி எழுந்தருளிவிட்டது என்று கும்பிடக் கூட்டம் கூடிவிடும் அல்லவா? சத்யஜித் ராய் 1967-ல் எழுதிய ‘தி ஏலியன்’ திரைக்கதையில் அதுதான் நடக்கிறது. தாமரைக் குளத்தில் இறங்கிய விண்கலத்தின் உச்சி வெளியே தெரிய, கோயிலென்று நம்பி ஊரே வணங்குகிறது.

ராய் 1921 மே 2 அன்று கல்கத்தாவில் பிறந்தார். தாத்தா உபேந்திரகிஷோர், 1913-ல் ‘சந்தேஷ்’ என்ற சிறுவர் இதழைத் தொடங்கியவர். தந்தை சுகுமார் ராய் வங்கக் குழந்தைகள் இன்றும் படிக்கும் எழுத்தாளர். மகனுக்கு மூன்று வயது நிரம்பும் முன்பே அவர் இறந்துவிட, தாயார் வளர்த்து ஆளாக்கினார். விளம்பர நிறுவனத்தில் ஓவியராக வேலை பார்த்த ராய், மனைவியின் நகைகளை அடகு வைத்தும், கடைசியில் மேற்கு வங்க அரசின் உதவியோடும் ‘பதேர் பாஞ்சாலி’யை முடித்தார். 1955-ல் வெளியான அந்தப் படம் அவரை உலகறியச் செய்தது.

நின்றுபோயிருந்த ‘சந்தேஷ்’ இதழை 1961-ல் நண்பர் ஒருவருடன் சேர்ந்து மீண்டும் தொடங்கினார். அதில் 1962-ல் அவர் எழுதிய சிறுகதை ‘பங்குபாபுவின் நண்பன்’. எல்லோரும் கேலி செய்யும் ஒரு கிராமத்து வாத்தியார், மூங்கில் தோப்பில் வேற்றுக்கிரகவாசியைச் சந்திக்கிறார்; அந்தச் சந்திப்பு தந்த துணிச்சலில் கேலி பேசியவர்களை எதிர்த்து நிற்கிறார். நம் ஊரில் மறு ஆண்டே எம்.ஜி.ஆர். நடித்த ‘கலை அரசி’யில் வேற்றுக்கிரகவாசிகள் வந்தது பலருக்கு நினைவிருக்கும்.

இந்தக் கருவைப் படத்துக்காக ராய் விரிவாக்கினார். வாத்தியாரின் இடத்தில் ஹாபா என்ற ஏழைச் சிறுவன் வந்தான். குளத்துக் ‘கோயிலை’ வைத்துப் பேர் வாங்க நினைக்கும் வியாபாரி, ஆழ்துளைக் கிணறு போடவந்த அமெரிக்கர், கல்கத்தா பத்திரிகையாளர் ஆகியோர் சேர்ந்தார்கள். வந்திறங்கிய உயிரோ ஒல்லியான, விளையாட்டுத்தனமான சிறு பிறவி. யாருக்கும் தீங்கு செய்யாதது. ஒரே பொருளை ஒவ்வொருவரும் தம் ஆசைக்கேற்பப் பார்க்கிறார்கள் என்பதே நாடகம்.

இலங்கையில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் வழியாக, அவருடைய நண்பர் மைக் வில்சன் படத்துக்கு ஏற்பாடு செய்ய முன்வந்தார். ஹாலிவுட்டின் கொலம்பியா நிறுவனம் ஆர்வம் காட்டியது. வியாபாரியாக நடிக்கப் பீட்டர் செல்லர்ஸ் சம்மதித்தார். ஆனால் அமெரிக்கா போன ராய்க்கு அதிர்ச்சி காத்திருந்தது. திரைக்கதையின் பிரதிகள் பல கைகளுக்குப் போயிருந்தன. அவற்றில் உரிமையாளர் என்று வில்சனின் பெயரும் அச்சாகியிருந்தது. செல்லர்ஸ் விலகினார், படம் நின்றது. வில்சன் மொட்டையடித்துக்கொண்டு தியானம் செய்யப் போய்விட்டதாகக் கிளார்க்கிடமிருந்து ராய்க்குக் கடிதம் வந்தது. பின்னாளில் வில்சன், கதிர்காம முருகனின் பக்தராக, சுவாமி சிவகல்கி என்ற பெயரில் வாழ்ந்தார்.

1982-ல் ஸ்பீல்பெர்க்கின் ‘இ.டி.’ வந்தது. அமெரிக்காவில் உலவிய தமது திரைக்கதை இல்லாமல் அந்தப் படம் வந்திருக்காது என்று ராய் கருதினார், ஸ்பீல்பெர்க் மறுத்தார். ராய் வழக்குத் தொடரவில்லை.

அவர் முடங்கிப்போகவும் இல்லை. தாத்தாவின் கதையை 1969-ல் ‘கூப்பி காயின் பாகா பாயின்’ என்று படமாக்கினார், வங்காளமே கொண்டாடியது. 1976-ல் நம் பாலசரஸ்வதி அம்மையாரைப் பற்றி ‘பாலா’ என்ற ஆவணப்படம் எடுத்தார். 1992-ல் ஆஸ்கர் கௌரவ விருது மருத்துவமனைப் படுக்கைக்கே வந்தது; பாரத ரத்னாவும் அதே ஆண்டில். ஏப்ரல் 23 அன்று மறைந்தார்.

நம் குடியிருப்பிலும் கதை எழுதும், குறும்படம் எடுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பதிவு செய்யாவிட்டாலும் எழுதியவருக்கு உரிமை உண்டு என்கிறது நம் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். ஆனால் நாளை ஒரு கேள்வி வந்தால் சான்று வேண்டும். ஆகவே பெயரும் தேதியும் போட்டு ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும். யாருக்குக் கொடுத்தோம் என்று குறித்து வையுங்கள். கூட்டாகச் செய்வதென்றால் யாருக்கு என்ன உரிமை என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நண்பர்தானே என்று விட்டுவிடாதீர்கள்.