உருக்கைத் தகடாக வார்க்க முயன்றவர்

தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர் அகழாய்வில் கிடைத்த தங்க நெற்றிப்பட்டங்களை நாம் அறிவோம். பொன்னை மெல்லிய தகடாக அடித்துச் செய்தவை அவை. பித்தளைப் பாத்திரம் தட்டும் என் தந்தையாரின் பட்டறையிலும் இன்றுவரை வழி அதுவே: சூடாக்கு, அடி, மீண்டும் சூடாக்கு. அடிக்காமலே, உருகிய உலோகத்திலிருந்து நேராகத் தகடு எடுக்க இயலாதா? இயலும் என்று நம்பியவர், பாடநூலில் உருக்குக் கலத்தோடு மட்டுமே நாம் சந்திக்கும் ஹென்றி பெஸ்ஸிமர்.

அவர் 1813-ல் இங்கிலாந்தில் சார்ல்ட்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அச்செழுத்து வார்க்கும் தந்தையின் பட்டறையே அவர் பயின்ற கலாசாலை. சகோதரியின் ஓவியத் தொகுப்புக்காகப் பொன்னிறத் தூள் வாங்கப் போனவர், அதன் விலை கண்டு மலைத்து, எந்திரத்தாலேயே அதைச் செய்யும் வழி கண்டார். அதில் ஈட்டிய பொருளே பின்னைய ஆராய்ச்சிகளுக்கு முதலாயிற்று.

1856-ல், உருகிய இரும்பினுள் காற்றைச் செலுத்தி உருக்காக்கும் முறையைச் செல்ட்டனம் நகரில் அறிவித்தார். உரிமம் பெற்றவர்களோ தோல்வி கண்டனர். அவர்களுடைய இரும்பிலிருந்த பாஸ்பரசே காரணம். ஏளனத்துக்கு அஞ்சாமல், பாஸ்பரஸ் குறைந்த இரும்பைக் கொண்டு, ஷெஃபீல்டில் சொந்த ஆலை நிறுவி வென்று காட்டினார்.

அவருடைய மற்றொரு கனவு, எதிரெதிராகச் சுழலும் இரண்டு உருளைகள். அவற்றின் உள்ளே தண்ணீர் ஓடும். இடையில் உருக்குக் குழம்பை ஊற்றினால், இரு பரப்பிலும் உறையும் தோல்கள் ஒன்றிணைந்து, கீழே தகடாக இறங்கும். 1865-ல் இதற்கு அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றார். ஆனால் ஊற்றும் அளவும் சுழலும் வேகமும் குளிரும் நேரமும் கணந்தோறும் ஒத்துப்போக வேண்டும். அதைக் கட்டுப்படுத்தும் கருவிகள் அன்று இல்லை. 1891-ல், 78 வயதிலும், இதையே வலியுறுத்திக் கட்டுரை படைத்தார். 1898-ல் மறைந்தார்.

அவர் விதைத்த எண்ணம் மடியவில்லை. 1960-ல் கலிபோர்னியாவில் போல் டூவெஸ் குழுவினர், தங்க-சிலிக்கன் கலவையை அணுக்கள் ஒழுங்குபட நேரமே தராத வேகத்தில் குளிர்வித்து, உலோகக் கண்ணாடியைக் கண்டனர். சுழலும் ஒற்றைச் சக்கரத்தின்மேல் வார்க்கப்படும் அத்தகைய மெல்லிய நாடா, இன்று மின்மாற்றிகளின் உள்ளகமாகிறது. பெஸ்ஸிமரின் இரட்டை உருளைகளும் 2002-ல் அமெரிக்காவின் கிராஃபோர்ட்ஸ்வில் ஆலையில் வணிக அளவில் உருக்குத் தகடு வார்க்கத் தொடங்கின.

இதை என் தந்தையாரிடம் சொன்னேன். அவ்வளவு சூடும் எங்கே போகும் என்றுதான் அவர் முதலில் கேட்டார். பெஸ்ஸிமரை வாட்டிய கேள்வியும் அதுவே. கல்லூரிக்கு வர வாய்க்காதவர்கள் பட்டறைகளில் கேட்கும் இத்தகைய கேள்விகளுக்கு விடை தேடுவதும் நம் படிப்பின் கடமையன்றோ!