பெயர் போடாமல் விற்ற உலோகம்

தனிம அட்டவணையில் 46-ஆம் கட்டத்தில் பல்லேடியம் இருக்கு, பார்த்திருப்பீர்கள். அதைக் கண்டுபிடித்த வில்லியம் ஹைட் வொல்லாஸ்டன் பற்றித்தான் இந்த முறை எழுதுகிறேன்.

இவர் 1766 ஆகஸ்ட் 6-இல் இங்கிலாந்தில் நார்ஃபோக் பகுதியில் பிறந்தார். அப்பா பாதிரியார். வீடு நிறையப் பிள்ளைகள். கேம்பிரிட்ஜில் படித்து டாக்டர் ஆனார். ஆனா நோயாளிகளைப் பற்றிய கவலையை அவரால் தாங்க முடியலை. 1800-இல் டாக்டர் வேலையை விட்டுட்டார். நண்பர் ஸ்மித்சன் டெனன்ட்டுடன் கூட்டு சேர்ந்து, தென் அமெரிக்காவிலிருந்து வந்த பிளாட்டினத் தாதுவை வாங்கினார். அதை இராஜதிராவகத்தில் கரைத்து, சுத்தமான பிளாட்டினமாக விற்பதுதான் தொழில்.

பிளாட்டினத்தை எடுத்த பிறகு மிஞ்சிய கரைசலை நாமாக இருந்தால் கீழே ஊற்றியிருப்போம். அவர் ஊற்றலை. 1802-இல் அதிலிருந்து ஒரு புது உலோகத்தைப் பிரித்தார். அதே வருஷம் கண்டுபிடிக்கப்பட்ட பல்லாஸ் சிறுகோளின் பெயரை அதற்கு வைத்தார்.

ஆனா யாரிடமும் சொல்லலை! தொழில் ரகசியம் வெளியே போயிடும் என்ற பயம். 1803 ஏப்ரலில் புது வெள்ளி என்று நோட்டீஸ் மட்டும் வந்தது. அதில் பேர் இல்லை. லண்டன் ஜெரார்டு தெருவில் திருமதி ஃபார்ஸ்டர் கடையில் துண்டு துண்டாக விற்றார்கள். செனெவிக்ஸ் என்ற வேதியியலாளர் இது மோசடி என்று நினைத்து, இருந்த எல்லாத்தையும் வாங்கி ஆராய்ந்தார். பிளாட்டினமும் பாதரசமும் கலந்த கலவைதான் என்று ராயல் சொசைட்டிக்குக் கட்டுரையும் கொடுத்தார். அதே சங்கத்தில் வொல்லாஸ்டனும் உறுப்பினர். வாயைத் திறக்கலை. அந்த வருஷக் கடைசியில், 20 கிரெயின் (ஒன்றேகால் கிராம்தான்) பல்லேடியத்தைச் செய்து காட்டுபவருக்கு 20 பவுண்டு பரிசு என்று பேர் இல்லாமலே அறிவித்தார். யாராலும் முடியலை. 1805-இல்தான் நான்தான் என்று ஒப்புக்கொண்டார். அதற்குள் 1804-இல் ரோடியத்தையும் கண்டுபிடித்துவிட்டார்.

இதைப் படித்து எனக்குக் கோபம்தான் வந்தது. பேரை மறைத்தது அவர் இஷ்டம். போன இதழில் நானும் பேர் போடாமத்தான் எழுதினேன், பையன்கள் சிரிப்பாங்களே என்று. ஆனா ஒருத்தர் தப்பாகச் சொல்லி எல்லார் முன்னாடியும் மாட்டிக்கொள்ளும்போது சும்மா பார்த்துக்கிட்டு இருக்கலாமா? செனெவிக்ஸ் சில வருஷத்தில் வேதியியலையே விட்டுட்டார்.

ஒரு விஷயம் மட்டும் ரொம்பப் பிடித்தது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஆய்வகத்தைப் பார்க்கணும் என்றாராம். இவர் ஒரு டீ தட்டைக் கொண்டுவரச் சொல்லிக் காட்டினாராம். அதில் வாட்ச் கண்ணாடி, சின்னத் தராசு, ஊதுகுழல், சோதனைத் தாள், அவ்வளவுதான். நம்ம அறிவியல் பீரோவே அதைவிடப் பெரிசு!

அவர் காலத்தில் பல்லேடியம் அதிகம் விற்கலை. இப்போ பல மருந்துகள் செய்ய அது வேண்டும். பென்சீன் வளையத்தை, நைட்ரஜனோ கந்தகமோ உள்ள வேறு வளையத்தோடு ஒட்ட வைக்க அது வினையூக்கி. முதலில் ரெண்டு பக்கமும் கொக்கி மாதிரி வேற அணுக்களை மாட்ட வேண்டியிருந்தது. பிறகு ஒரு பக்கம் கொக்கி இல்லாமலே, ஹைட்ரஜன் இருந்த இடத்திலேயே நேராக ஒட்டும் வழி வந்தது. ஒரு வேலை மிச்சம், கழிவும் குறைவு. பல்லேடியத்தால் கார்பனைக் கார்பனோடு இணைத்ததற்கு 2010-இல் ஹெக், நெகிஷி, சுசூகி மூவரும் நோபல் பரிசு பெற்றார்கள்.

வொல்லாஸ்டன் 1828 டிசம்பர் 22-இல் இறந்தார். கடைசி நேரத்தில் பேச்சு இல்லை. நினைவே இல்லை என்று பக்கத்தில் இருந்த நண்பர் சொன்னது காதில் விழுந்ததும், சைகை காட்டித் தாளும் பென்சிலும் வாங்கினார். சில எண்களை எழுதி, கூட்டிப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். கணக்கு சரியாக இருந்தது.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி