நிலைத்த பொருளாதாரம் கண்ட குமரப்பா

பொருளீட்டும் வழிகளை உலகுக்கு உரைத்தோர் பலர். ஈட்டிய பொருள் எவர் உழைப்பில் விளைந்தது, எத்தனை நாள் நிலைத்தது, எவரை வாழவைத்தது என்று கணக்குப் பார்த்தோர் மிகச் சிலர். அச்சிலருள் முன்வரிசையில் வைத்துப் போற்றத்தக்கவர் தமிழகம் ஈன்ற ஜே. சி. குமரப்பா ஆவார். சங்கரன்கோவிலிலிருந்து இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் வழியாக மதுரை செல்லும் நெடுஞ்சாலையில் டி. கல்லுப்பட்டி என்னும் ஊர் உள்ளது. நம்மில் பலர் பேருந்தில் பன்முறை கடந்த ஊர் அது. அங்குள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் அப்பெருமகனார் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தார் என்பதை நம் மாணவர் பலரும் அறியார். ஆதலின் அவர்தம் வாழ்வை இம்மலரில் சுருங்கச் சொல்ல விழைகின்றோம்.

குமரப்பா 1892ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். தந்தையார் பொதுப்பணித் துறையில் பணியாற்றியவர். இளமையிலேயே இலண்டன் சென்று கணக்காய்வுக் கல்வி பயின்ற இவர், 1919இல் தாயகம் திரும்பிப் பம்பாயில் கணக்காய்வாளராக விளங்கினார். மேனாட்டு உடை, மேனாட்டு உணவு, கைநிறைய வருவாய் என வாழ்ந்த காலம் அது.

1927இல் அமெரிக்கா சென்ற அவர், சைரகியூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக மேலாண்மைப் பட்டமும், நியூயார்க் நகரிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியல் முதுகலைப் பட்டமும் பெற்றார். இந்தியா ஏன் ஏழை நாடாயிற்று என்பது பற்றி அவர் ஆற்றிய உரை செய்தித்தாளில் வெளிவந்தது. அதனைக் கண்ட பேராசிரியர் செலிக்மன், அதையே ஆய்வுப் பொருளாகக் கொள்ளுமாறு தூண்டினார். ஆங்கில அரசின் வரவு செலவுகளை ஆராய ஆராய, நம் வறுமை விதியால் வந்ததன்று, பிறர் வகுத்த நிதிமுறையால் வந்தது என்னும் உண்மை அவருக்குப் புலனாயிற்று. கணக்கேடு அவர் கண்களைத் திறந்தது எனலாம்.

1929 மே 9ஆம் நாள் சபர்மதி ஆசிரமத்தில் காந்தியடிகளைச் சந்தித்தார். அதுமுதல் அவர் வாழ்வு திசைமாறியது. கதராடை பூண்டார். மூதாதையர் பெயரான குமரப்பா என்பதை ஏற்றுக்கொண்டார். இல்லறம் நாடாது பொதுப்பணிக்கே தம்மை ஒப்படைத்தார். குசராத்தின் கேடா மாவட்டம் மாத்தர் வட்டத்தில் 50க்கும் மேற்பட்ட சிற்றூர்களுக்குச் சென்று, உழவரின் வரவையும் செலவையும் கடனையும் கணக்கெடுத்தார். ஊரகப் பொருளியல் ஆய்வுக்கு நம் நாட்டில் வழிகாட்டிய முயற்சிகளுள் இஃது ஒன்று.

அவரது நேர்மைக்கு ஒரு நிகழ்ச்சியைச் சான்றாகக் கூறுவர். 1934இல் பீகாரில் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தபோது, இராசேந்திர பிரசாத் தலைமையில் இயங்கிய துயர்துடைப்புக் குழுவின் நிதிப்பொறுப்பை இவர் ஏற்றார். காந்தியடிகள் தம் குழுவினருடன் அங்கு வந்தபோது, அவர்களுடைய செலவைத் துயர்துடைப்பு நிதியிலிருந்து தர இயலாது என்று மறுத்துவிட்டாராம். அடிகளும் அதனை மனமுவந்து ஏற்றார் என்பர். பொதுப்பணத்தைக் கையாளும் எவரும் நெஞ்சில் நிறுத்த வேண்டிய செய்தி இது.

அவ்வாண்டின் இறுதியில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் தோன்றியது. குமரப்பா அதன் செயலாளரானார். வார்தாவில் அமைந்த மகன்வாடி அவரது பணிக்களம் ஆயிற்று. செக்கு எண்ணெய், கைக்குத்தல் அரிசி, பனைவெல்லம், தேனீ வளர்ப்பு, கைத்தாள் முதலிய தொழில்களுக்கு அங்கே ஆராய்ச்சியும் பயிற்சியும் நிகழ்ந்தன. மண்ணெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்னும் விளக்கும் உருவாயிற்று.

ஈண்டு உலகின் மறுபக்கத்தையும் நாம் நோக்குதல் வேண்டும். 1924ஆம் ஆண்டின் இறுதியில் மின்விளக்கு உற்பத்தி செய்யும் பெருநிறுவனங்கள் ஜெனீவாவில் கூடி உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி ஒரு விளக்கின் ஆயுள் 1000 மணி நேரமாக வரையறுக்கப்பட்டது. அதற்கு முன்னர் 1500 மணிக்கு மேலும் எரிந்த விளக்குகள் இருந்தன. வரையறையை மீறி நீண்டநாள் எரியும் விளக்கைச் செய்த ஆலைக்குத் தண்டம் விதிக்கப்பட்டது! 1932இல் நியூயார்க் நகரைச் சேர்ந்த பெர்னார்டு லண்டன் என்பவர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். பொருள்கள் ஒவ்வொன்றுக்கும் அரசே ஆயுள் குறிக்க வேண்டும், நாள் முடிந்ததும் அவற்றை அழித்துவிட வேண்டும், அவ்வாறாயின் மக்கள் புதியன வாங்குவர், ஆலைகள் இயங்கும், பொருளாதார மந்தம் தீரும் என்பது அவர் திட்டம். பொருள் விரைவில் பயனிழக்குமாறு முன்னரே திட்டமிடும் இம்முறை இன்று உலகெங்கும் வேரூன்றியுள்ளது. பழைய கைப்பேசிகளின் வேகம் குறைவதை வாங்கியோர்க்குத் தெரிவிக்காமைக்காக, 2020இல் பிரான்சு நாடு ஆப்பிள் நிறுவனத்துக்கு இரண்டரைக் கோடி யூரோ தண்டம் விதித்ததை நாம் அறிவோம்.

லண்டன் நூல் வெளியிட்ட அதே நகரில் மூன்றாண்டுகளுக்கு முன்னர் பயின்றவர் குமரப்பா. ஆயினும் அவர் கண்ட முடிபு இதற்கு நேர்மாறானது. வெள்ளையனே வெளியேறு இயக்கக் காலத்தில் சிறைப்பட்டு, ஜபல்பூர்ச் சிறையில் இருந்தபோது, நிலைத்த பொருளாதாரம் பற்றிய தம் புகழ்பெற்ற நூலை ஆங்கிலத்தில் எழுதினார். 1945இல் காந்தியடிகள் அதற்கு முன்னுரை வழங்கினார். நிலக்கரி, எண்ணெய் போன்றவை எடுக்க எடுக்கக் குறையும் தேக்கச் செல்வங்கள். ஆற்றுநீர், மரம் போன்றவை இயற்கை மீண்டும் மீண்டும் தரும் ஓட்டச் செல்வங்கள். தேக்கத்தை நம்பும் பொருளாதாரம் போட்டியையும் போரையும் விளைவிக்கும், ஓட்டத்தோடு ஒத்துச்செல்லும் பொருளாதாரமே நிலைக்கும் என்பது அந்நூலின் அடிப்படை. பிற உயிரைக் கொன்று வாழும் புலி, உழைக்காமல் உண்ணும் குரங்கு, கூட்டத்துக்காக உழைக்கும் தேனீ, கைம்மாறு கருதாது குஞ்சுக்கு இரையூட்டும் தாய்ப்பறவை ஆகியவற்றைக் காட்டி, மனிதப் பொருளாதாரம் தாய்ப்பறவையின் நிலைக்கு உயர வேண்டும் என்று விளக்கினார்.

எளிமையைப் போற்றுவது ஏழையை ஏழையாகவே வைத்திருக்கும் உபாயம் என்று கூறுவோர் உளர். குமரப்பா வறுமையைப் போற்றியவர் அல்லர். ஊர் ஊராகச் சென்று வறுமையை எண்ணிக் கணக்கெடுத்தவர் அவர். வாழ்க்கைத் தரத்தை உயர்ந்தது, தாழ்ந்தது என்று பிரிப்பதைவிட, எளியது, சிக்கலானது என்று பிரிப்பதே பொருந்தும் என்றார். வயிறார உண்டு, தூய நீர் பருகி, நல்லாடை உடுத்து, கற்றுச் சிறப்பதே அவர் கருதிய எளிய வாழ்வு. தேவையற்ற பொருள்களால் நிறைந்து, அவற்றுக்குத் தவணை கட்டவே உழைக்கும் வாழ்வு சிக்கலானது. அதனை உயர்ந்தது என்று மயங்குதல் கூடாது.

உழைப்பைப் பற்றிய அவர் கருத்தும் சிந்திக்கத்தக்கது. ஒவ்வொரு தொழிலிலும் படைக்கும் இன்பம் ஒரு கூறு, சலிப்பூட்டும் சுமை மற்றொரு கூறு. இரண்டும் இணைந்திருப்பின் தொழில் மனிதனை வளர்க்கும். இன்பத்தை ஒருவரும் சுமையை மற்றவரும் கொள்ளின், சுமப்பவர் அடிமையாவார். ஓய்வும் தொழிலின் ஒரு பகுதியே என்பது அவர் கொள்கை. தறியோசையில் வளர்ந்த சங்கரன்கோவில் மக்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. கைத்தறி முன் அமர்ந்தவர் தம் கைகால்களின் வேகத்தில் நெய்தார். விசைத்தறி முன் நிற்பவரோ தறியின் வேகத்துக்கு ஓட வேண்டியவராகிறார். எந்திரம் யாவும் தீது என்பதன்று. மனிதன் அதற்கு ஏவலாளாகிவிடக் கூடாது என்பதே கருத்து. 2023 ஏப்ரல் 21 அன்று, நாளொன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு வழிவகுக்கும் சட்டமுன்வடிவு தமிழகச் சட்டப்பேரவையில் நிறைவேறியது. எதிர்ப்பு எழவே, மே நாளில் அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். குமரப்பா எழுப்பிய வினா இன்னும் பழையதாகவில்லை என்பதற்கு இதுவே சான்று.

விடுதலைக்குப் பின் நாடு பேராலைகளின் வழியில் நடந்தது. காங்கிரசு நிலச்சீர்திருத்தக் குழுவுக்கு இவர் தலைமை தாங்கி அறிக்கை அளித்தும், அவர் விரும்பிய வழி ஏற்கப்படவில்லை. ஓய்வின் சிறப்பை எழுதிய அவரே ஓயாது உழைத்தார் என்பது வருந்தத்தக்கது. இரத்த அழுத்தம் அவரை வருத்தியது. 1950களில் டி. கல்லுப்பட்டி வந்து எளிய குடிலில் தங்கினார். அங்கே காந்தியடிகளின் படத்தோடு ஓர் ஏழை உழவனின் படத்தையும் வைத்திருந்தார். அவ்வுழவனே தம் குருவுக்குக் குரு என்று வருவோரிடம் குறிப்பிடுவாராம். 1960 சனவரி 30 அன்று, காந்தியடிகள் மறைந்த அதே நாளில், சென்னையில் தம் 68ஆம் அகவையில் உயிர்நீத்தார்.

வேற்றுச் சமயத்தவராயினும் அவர் வாழ்ந்து காட்டிய நெறி நமக்குப் புதிதன்று. திருக்குர்ஆன் வீண்விரயத்தை வன்மையாகக் கடிகிறது. அரபகம் முழுதும் தம் சொல்லுக்குக் கட்டுப்பட்டிருந்தும், கிழிந்த ஆடையைத் தாமே தைத்து, அறுந்த காலணியைத் தாமே செப்பனிட்டவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். பழுதானதைச் செப்பனிடுதல் இழிவன்று, அது நபிவழி.

அன்பு மாணவச் செல்வங்களே! நாளை நீங்கள் பட்டம் பெற்றுத் திருப்பூருக்கோ, சென்னைக்கோ, வளைகுடாவுக்கோ செல்வீர்கள். ஒரு பொருளை வாங்குமுன் இது எத்தனை நாள் உழைக்கும் என்று கேளுங்கள். ஒரு பணியை ஏற்குமுன் இது நம் உடலையும் உறவையும் இறைவணக்கத்தையும் எங்கே கொண்டுநிறுத்தும் என்றும் கேளுங்கள். மதுரைக்குப் போகும் வழியில் ஒருமுறையேனும் கல்லுப்பட்டியில் இறங்கி, அப்பெரியார் வாழ்ந்த இடத்தைக் கண்டு வாருங்கள். போதுமென்ற மனத்தையும் நேரிய உழைப்பையும் வல்ல அல்லாஹ் நம் அனைவர்க்கும் அருள்வானாக!