யார் எப்படிக் கண்டார் அய்யாவை

அய்யா துணை

1809-ஆம் ஆண்டு தென்திருவிதாங்கூரில், இன்று சுவாமிதோப்பு என்று உலகம் அறியும் பூவண்டன்தோப்பில், பொன்னு நாடாருக்கும் வெயிலாளுக்கும் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெற்றோர் ஆசையோடு முடிசூடும் பெருமாள் என்று பெயரிட்டார்கள். பனைத்தொழில் செய்யும் குலத்துப் பிள்ளைக்கு முடியும் பெருமாளும் சேர்ந்த பெயரா என்று மேல்சாதியார் பொறுக்கவில்லை. அவர்களுக்கு அஞ்சிப் பெற்றோர் முத்துக்குட்டி என்று பெயரை மாற்றினார்கள். தொட்டிலில் கிடந்த குழந்தை யாருக்கும் ஒன்றும் செய்துவிடவில்லை. ஆனாலும் அந்தப் பிள்ளை எந்த அளவுக்கு உயரலாம் என்று ஊர் முன்னதாகவே அளந்து வைத்திருந்தது.

அக்காலத்து வழக்கம் அப்படி. ஏழை சனங்களின் தலைக்கு வரி, பனைக்கு வரி, கூலியில்லாத ஊழியம். தலைப்பாகை கட்டக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, காலில் செருப்பு போடக்கூடாது, பெண்கள் மார்பை மறைக்கத் துணி போடக்கூடாது. இவையெல்லாம் வெளியில் தெரிந்த சட்டங்கள். வெளியில் தெரியாத சட்டம் ஒன்று எல்லார் மனசிலும் இருந்தது. வழிநடத்துகிறவன் மேல்குலத்தில்தான் பிறப்பான், தெய்வம் இறங்கி வந்தாலும் பெரிய வீட்டில்தான் வரும் என்பதே அது. அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. மிதித்தவர்களைப் போலவே மிதிபட்டவர்களும் அதை நம்பினார்கள்.

இருபத்திநாலாம் வயதில் முத்துக்குட்டிக்கு நோய் கண்டது. தாயும் உறவினரும் அவரைத் தொட்டில் கட்டித் திருச்செந்தூருக்குச் சுமந்து சென்றார்கள். கொல்லம் 1008 மாசி மாதம், அதாவது 1833-இல், அவர் கடலுக்குள் சென்று மறைந்தார். மற்றவர்கள் நம்பிக்கை இழந்தும் தாய் கரையை விட்டு நகரவில்லை. மூன்றாம் நாளாகிய மாசி 20 அன்று அவர் கடலிலிருந்து வெளிவந்தார். போன பிள்ளை திரும்பி வந்தான் என்று வெயிலாள் ஓடிச்சென்று அணைக்கப் போனார். தாம் இனி அவருடைய மகன் அல்ல, நாராயணர் பெற்ற வைகுண்டர் என்று அய்யா உணர்த்தினார். பெற்ற பாசத்தைவிடப் பெரிய பாசம் ஏது? அந்தப் பாசத்துக்குங்கூடத் தன் பிள்ளைதான் கண்ணில் பட்டது, எதிரில் நின்றவர் படவில்லை. அய்யா தாயை வெறுக்கவில்லை. தாயின் மனசில் இருந்த உருவத்துக்குள் அடங்க மட்டும் அவரால் முடியவில்லை.

பூவண்டன்தோப்புக்கு வந்து ஆறு வருஷம் தவமிருந்தார். முதல் இரண்டு வருஷம் ஆறடிக் குழிக்குள்ளும், அடுத்த இரண்டு வருஷம் தரையிலும், கடைசி இரண்டு வருஷம் உயர்ந்த பீடத்திலும் அத்தவம் நடந்தது. கண்ட சிலர் பித்து என்றார்கள். சிலர் பேய் பிடித்தது என்றார்கள். திருமண்ணும் தண்ணீரும் பெற்று நோய் தீர்ந்தவர்கள் வைத்தியர் என்று வந்தார்கள். வந்தவர்கள் பெருகினார்கள். பதினெட்டுச் சாதியாரும் ஒரே கிணற்றில் குளித்து, ஒரே பந்தியில் உண்டார்கள். அதுவரை நாடு காணாத காட்சி அது.

அந்தக் காட்சி திருவனந்தபுரத்துக்கு எட்டியபோது வேறு காட்சியாக மாறியது. அப்போது சுவாதித்திருநாள் மகாராசா ஆட்சியில் இருந்தார். சாணார் ஒருவர் ஆயிரக்கணக்கில் ஆள் சேர்க்கிறார் என்றால் கலகம்தான், அற்புதம் செய்கிறார் என்றால் மாயவித்தைதான் என்று அரண்மனையில் முடிவானது. நாராயணர் அந்தக் குலத்திலா வந்து பிறப்பார் என்பதே அவர்களுடைய பெரிய கேள்வி. பூவண்டர் என்னும் யாதவர் ஒருவர் மட்டும், இறைவன் எக்குலத்திலும் வரலாம் என்று அரசருக்கு எடுத்துரைத்ததாக அகிலத்திரட்டு கூறுகிறது. அவருக்கு அரண்மனையில் உள்ளவர்களைவிடக் கூடுதலான செய்தி ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. மனசில் பூட்டுப் போடாமல் பார்த்தார், அவ்வளவுதான். அரசர் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

படை வந்தது. மக்கள் எதிர்க்கத் துணிந்தார்கள். அய்யா பொறுமையாய் இருக்கும்படி சொல்லி, கட்டுக்குக் கையைக் கொடுத்தார். சுசீந்திரம் வழியாகத் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்புச் சிறைக்குக் கொண்டு போனார்கள். அங்கே 110 நாள் வைத்து வதைத்தார்கள். மிளகாய் வத்தலைப் புகைத்துப் பார்த்தார்கள். பசித்த புலியின் கூண்டில் விட்டுப் பார்த்தார்கள். புலி பணிந்து படுத்தது என்று அகிலம் கூறுகிறது. கண்முன்னே நடந்ததைக் கண்ட பிறகும், சோதித்தவர்கள் தங்கள் எண்ணத்தைச் சோதிக்கவில்லை.

கடைசியில் விடுதலை செய்ய ஒரு நிபந்தனை வைத்தார்கள். தம் சாதியாரோடு மட்டும் இருந்துகொள்வதாகவும், மற்றச் சாதியாரைச் சேர்ப்பதில்லை என்றும் எழுதிக் கையொப்பமிட வேண்டும். ஒரு சாதிக்குத் தலைவராக இருந்தால் அரசுக்கு அச்சமில்லை, அவரைத் தங்களுக்குத் தெரிந்த பெட்டியில் வைத்துவிடலாம். அய்யா அந்தச் சீட்டுக்கு உடன்படவில்லை. ஒப்பமிடாமலே கொல்லம் 1014 மாசி மாதம் விடுதலையாகி, மக்கள் தோளில் வாகனமேறிப் பதிக்குத் திரும்பினார். உயிர் போகும் நிலையிலும் அய்யா மறுத்த ஒப்பம் இது என்பதை அன்புக்கொடி மக்கள் மறக்கலாகாது. அய்யாவை ஒரு சாதியின் சொத்தாகப் பேசுகிறவர், தெரியாமலே அந்தச் சீட்டில் தாம் கையொப்பமிடுகிறார்.

சொந்த மக்களும் அய்யாவை உடனே அறிந்துகொண்டார்கள் என்று சொல்வதற்கில்லை. தலைவர் என்றால் கேட்டதைக் கொடுப்பவர், தங்களுக்காகச் சண்டை போடுபவர் என்றே பலரும் எண்ணியிருந்தார்கள். அய்யாவோ அவர்களைத் துவையல் தவசுக்கு அனுப்பினார். 700 குடும்பங்கள் கடலோரத்தில் வாகைப்பதியில் கூடி, தினம் பலமுறை குளித்து, துணி துவைத்து, ஒருவேளை உண்டு தவமிருந்தார்கள். அழுக்கானவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் உடலும் உள்ளமும் தெளிந்து எழுந்தார்கள். தலைப்பாகையை முடியாகக் கட்டச் சொன்னார். முடிசூடும் என்ற பெயரை ஒரு குழந்தையிடமிருந்து பறித்த நாட்டில், வந்தவர் அத்தனை பேர் தலையிலும் முடி ஏறியது. மற்றவர் தங்களைப் பற்றி எண்ணியதை மாற்றும் முன்னே, தாங்கள் தங்களைப் பற்றி எண்ணியதை மாற்ற வைத்தார்.

அந்நாளில் இப்பக்கத்தில் வேலை செய்த லண்டன் மிஷனைச் சேர்ந்த வெள்ளைக்காரப் போதகர்களும் அய்யாவைப் பற்றி எழுதினார்கள். முத்துக்குட்டியின் கூட்டம் தங்கள் வேலைக்கு இடையூறு என்றே அவர்கள் கண்ணுக்குப் பட்டது. அரண்மனைக்குக் கலகக்காரர், போதகருக்குப் போட்டிக்காரர், நோயாளிக்கு வைத்தியர், தாய்க்கு மகன். பார்த்தவர்கள் எல்லாரும் அவரவர் கொண்டுவந்ததையே எடுத்துப் போனார்கள்.

1851-ஆம் ஆண்டு, கொல்லம் 1026 வைகாசி 21-இல் அய்யா வைகுண்டம் சேர்ந்தார். பதியின் பள்ளியறையில் சிலை இல்லை, கண்ணாடி உண்டு. முன்னே விளக்கு எரிகிறது. வணங்கி நிற்பவருக்கு விளக்கொளியில் தம் முகமே தெரிகிறது. உன்னுள்ளே இறைவன் என்பது அதன் பொருள் என்று பெரியோர் சொல்வார்கள். இன்னொன்றையும் அது சொல்லுகிறது. அய்யாவைப் பார்க்க வருகிறவர் முதலில் தம்மைப் பார்க்க வேண்டும். எந்த எண்ணத்தைச் சுமந்து வந்து நிற்கிறோம் என்று பார்க்க வேண்டும். பேய் ஓட்ட மட்டும், கேட்டது கிடைக்க மட்டும், நம்மாள் என்று பெருமை பேச மட்டும் வந்து நின்றால், அந்த அளவுக்குத்தான் அய்யா தெரிவார்.

நெற்றியில் திருநாமம் சாத்தி, தலைப்பாகை கட்டிக் கண்ணாடி முன் நிற்கும்போது, பக்கத்தில் நிற்பவரின் தலையிலும் அதே முடி இருப்பது கண்ணில் படட்டும். அவர் எந்தக் குலம், எந்த ஊர் என்று மனசு கேட்குமுன் அது தெரிந்துவிட்டால், அன்று பூவண்டர் கண்டதை இன்று நாமும் கண்டவர்களாவோம்.

அய்யா உண்டு.