செம்மண் வெளியின் ஓவியர்

இயற்கையைப் பாடும் கவிஞனுக்கும் அதனைத் தீட்டும் ஓவியனுக்கும் முதற்கருவி கண் என்றே நாம் எண்ணுகிறோம். அவ்வெண்ணத்தைத் தம் வாழ்வாலேயே திருத்தியவர் வங்கத்து ஓவியர் பினோத் பிகாரி முகர்ஜி.

1904ஆம் ஆண்டு கல்கத்தாவை அடுத்த பேகாலாவில் அவர் பிறந்தார். பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லை; மற்றதிலோ கடுமையான கிட்டப்பார்வை. பள்ளிப்படிப்பு முறையாக அமையாத அச்சிறுவன் 1917இல் சாந்திநிகேதன் வந்து சேர்ந்தான். 1919இல் கலாபவனத்தின் முதல் மாணவர்களுள் ஒருவனானான். இத்தகைய கண்ணுடையவன் ஓவியம் பயில இயலுமா என ஆசிரியர் நந்தலால் போஸ் தயங்கினார். ஆர்வமுள்ளவனை அவன் வழியில் விட்டுவிடுமாறு கூறி அத்தயக்கத்தைப் போக்கியவர் இரவீந்திரநாத் தாகூர்.

சாந்திநிகேதனைச் சூழ்ந்த பீர்பூம் நிலம், வங்கம் என்றதும் நம் நினைவில் எழும் பசுமை கொழிக்கும் மருதமன்று. மழைநீர் அரித்த செம்மண் பள்ளங்களை அங்குள்ளோர் கோவாய் என்பர். தனித்து நிற்கும் பனை, சிற்றாறு, சந்தால் மக்களின் குடியிருப்பு ஆகியவற்றோடு விரியும் அந்நிலத்தை நம் திணை மரபில் வைத்தால் பாலையின் சாயல் படிந்தது எனலாம். புராணக் காட்சிகளும் வரலாற்றுக் காட்சிகளும் போற்றப்பட்ட அக்காலத்தில் அவர் இவ்வெறுமையின் நடுவே நடந்து, அதனையே தம் பொருளாகக் கொண்டார். தொலைவை மங்கலாக்கிய கண், அண்மையில் உள்ள புல்லையும் பூவையும் உற்றுநோக்கப் பழகிற்று.

1937இல் ஜப்பான் சென்று அந்நாட்டு ஓவிய மரபை நேரில் பயின்று திரும்பிய அவர், 1940இல் கலாபவன மாணவர் விடுதியின் மேற்கூரையில் பீர்பூம் கிராமத்தைத் தீட்டினார். நடுவே ஒரு குளம். அதனைச் சுற்றி மரங்களும் மாடுகளும் மாந்தரும். அதனை ஓரிடத்தில் நின்று கண்டுவிட இயலாது. அண்ணாந்தபடி சுற்றிச்சுற்றி நடக்க வேண்டும். ஓவியர் அந்நிலத்தை அறிந்த முறையும் அதுவே.

1946-47இல் இந்திபவனச் சுவர்களில் இடைக்கால அருளாளர்களின் வாழ்வை ஈரச்சுண்ணத்தில் தீட்டினார். சுண்ணம் உலருமுன் தீட்டி முடிக்க வேண்டும். அழித்துத் திருத்த இடமில்லை. ஏறத்தாழ எண்பதடி நீளமுள்ள அப்பரப்புக்கு முழு அளவிலான முன்வரைவு எதுவும் அவர் செய்து கொள்ளவில்லை. நம் மண்ணின் இராமாநுசர் தொடங்கிக் கபீர், சூர்தாசர், துளசிதாசர் என மனிதக் கூட்டம் அங்கே ஆறுபோல் நகர்கிறது. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் தோன்றிய கே.ஜி. சுப்பிரமணியன் அப்பணியில் உடனிருந்த மாணவர்களுள் ஒருவர். விழியற்றவராக மரபு போற்றும் சூர்தாசரைத் தீட்டியபோது, பத்தாண்டுகளில் தமக்கும் அந்நிலை வரும் என்பதை ஓவியர் அறிந்திருக்க இயலாது.

1957இல் கண் அறுவை சிகிச்சை ஒன்று பயனளிக்காது போகவே, எஞ்சிய பார்வையும் முற்றும் மறைந்தது. அப்போது அகவை 53. மறு ஆண்டே கலாபவனம் திரும்பி ஆசிரியப் பணியைத் தொடர்ந்தார். வண்ணத்தாளை வெட்டி ஒட்டினார். விரலால் தடவியறிந்து உருவங்கள் செய்தார். 1972இல் கலாபவனச் சுவர் ஒன்றை ஓடுகளால் ஆன ஓவியத்தால் நிறைத்தார். முன்னாள் மாணவரான சத்யஜித் ரே அவ்வாண்டே அகக்கண் எனப் பொருள்படும் பெயரில் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். 1974இல் பத்ம விபூஷண் விருது பெற்ற ஓவியர், 1980இல் மறைந்தார்.

ஒளியிழந்தபின் அவர் இரக்கத்தைப் பொருளாக்கவில்லை. கோட்டின் உறுதியும் வண்ணத்தின் மகிழ்வும் குன்றவில்லை. நாற்பதாண்டுகள் நடந்து நடந்து உடலில் ஏற்றிக்கொண்டதைக் கை மறக்கவில்லை. நிலத்தைப் பாட விழையும் நாம், அதனை எவ்வளவு நடந்திருக்கிறோம் என்று நம்மையே கேட்டுக்கொள்ள அவர் வாழ்வு தூண்டுகிறது.